நடக்குதான்னு கேட்குறோம், காட்டுதான்னு கேட்குறோமா?

பிள்ளைக்குப் பத்து மாதம் தாண்டிவிட்டால் டெல்டாப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மாக்காரியிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “எட்டு வைக்கிறானா?” பக்கத்து வீட்டு அத்தை கேட்பார், பந்தியில் எதிரே உட்கார்ந்தவர் கேட்பார், வளைகுடாவிலிருந்து வீடியோ காலில் வரும் சித்தப்பாவும் கேட்பார். “வயல்ல நிக்கிற கொக்கை விரல் நீட்டி உனக்குக் காட்டுறானா?” என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்தப் பதிவு அந்தக் கேட்கப்படாத கேள்விக்காகத்தான். ஆனால் கால் கணக்கை முடித்துவிட்டுத்தான் அங்கே போக முடியும். வீட்டில் இருக்கிற பயம் முழுக்க அதில்தானே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட 5 நாடுகளில் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. முட்டி போட்டுத் தவழ்வது 5.2இலிருந்து 13.5 மாதம் வரை. தனியாக நடப்பது 8.2இலிருந்து 17.6 மாதம் வரை. எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளுக்கு இடையிலேயே இவ்வளவு வித்தியாசம். அவர்களில் 100க்கு 4 பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை. வயிற்றால் நீந்தியோ, உட்கார்ந்த வாக்கில் நகர்ந்தோ, நேரே எழுந்து நின்றோ நடைக்குப் போய்விட்டார்கள்.

யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிற பட்டியல்களில் பல “12 மாதத்தில் நடக்கும்” என்று ஒற்றை எண்ணைப் போடுகின்றன. அது நடு எண். பாதிப் பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் நடப்பார்கள். பார்க்க வேண்டியது நடு எண்ணை அல்ல, கடைசி எண்ணை. திருவனந்தபுரத்தில் உருவான வளர்ச்சிச் சோதனை அட்டை அப்படித்தான் வேலை செய்கிறது. பிறப்பு முதல் 2 வயது வரை 17 திறன்கள், ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்துக்குள் வந்தாக வேண்டும் என்று ஒரு பட்டை. பிள்ளையின் வயது இருக்கும் இடத்தில் பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன பட்டை எதுவோ, அந்தத் திறனெல்லாம் பிள்ளையிடம் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போயிருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். செய்ய 5 நிமிடம் போதும்.

குறைமாதப் பிள்ளைக்கு வயதைத் திருத்திக் கணக்குப் போடுங்கள். 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைவோ, அதைக் கழிக்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு 8 வாரம் கழியும். பிறந்து 6 மாதம் ஆகியிருந்தால் வளர்ச்சிக் கணக்கில் அது 4 மாதப் பிள்ளைதான். 2 வயது வரை இப்படிக் கழித்துப் பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படியே போட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போடுகிற வீடுகள் உண்டு.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு அட்டவணை இருக்கிறது. பிள்ளைத்தமிழின் பருவங்கள்தான் அது. செங்கீரை 5ஆம் மாதம்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையைத் தூக்கி ஆடுகிற பருவம். சப்பாணி 9ஆம் மாதம்: இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுகிற பருவம். வருகை ஒரு வயதை ஒட்டி: தளர்நடை போட்டு வா என்று கூப்பிடுவது. அம்புலி அதற்கும் பின்னால்: நிலாவைக் காட்டி, பிள்ளையோடு விளையாட வா என்று அழைப்பது. இப்போதைய மருத்துவப் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒத்துப்போகிறது. கைதட்டல் 9 மாதத்துக்கு மேல் வருகிறது, நடை ஒரு வயதை ஒட்டி வருகிறது. புலவர்கள் கால், கையோடு நிற்காமல் அம்புலிக்கும் ஒரு பருவம் ஒதுக்கினார்கள். ஒரு பொருளை இருவர் சேர்ந்து பார்ப்பது என்பதுதான் அம்புலியின் உள்விஷயம். பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. கீழே அதற்குத் திரும்பி வருகிறேன்.

முதலில் கழுத்து. 4 மாதத்துக்குள் தலை நிற்க வேண்டும். தூக்கி நேராகப் பிடித்தால் தலை ஆடாமல் இருக்க வேண்டும். இதற்கு வேண்டியது தரை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தூளி பெரிய சுகம், அம்மாவுக்கும் கை ஓயும். தூங்குவதற்குத் தூளி சரி, விழித்திருக்கும் நேரமும் தூளியிலேயே போனால் பிள்ளை உடம்பைத் திருப்ப, தள்ள, ஊன்ற இடமே கிடைக்காது. வாரக்கணக்கில் ஒரே பக்கமாகப் படுத்தால் பின்மண்டையும் தட்டையாகும். பிறந்த முதல் வாரங்களிலிருந்தே விழித்திருக்கும்போது குப்புறப் போட்டுப் பழக்குங்கள். ஆரம்பத்தில் 2, 3 நிமிடம், நாளைக்கு 3 தடவை. அழுதால் எடுத்துவிட்டுப் பிறகு மறுபடி. தலை நின்ற பிறகு மொத்தமாக நாளைக்கு 30 நிமிடமாவது இருக்க வேண்டும். பாய் போட்ட தரைதான் நல்லது, மெத்தையில் கை புதைந்துபோகும், ஊன்ற வராது. பால் குடித்த உடனே வேண்டாம், அரை மணி கழித்து. தூங்க வைக்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்க.

உட்காருவதும் தரையில் கற்றுக்கொள்கிற வித்தைதான். 6 மாதத்தில் இரண்டு கையையும் முன்னால் ஊன்றித் தவளை மாதிரி உட்காரும், பிறகு ஒரு கையை எடுக்கும், பிறகு இரண்டையும். நான்கு பக்கமும் தலையணை அண்டை கொடுத்து மணிக்கணக்கில் உட்கார வைப்பதால் இது சீக்கிரம் வருவதில்லை. சாயும்போது தன்னைத் தாங்கிக்கொள்ள உடம்பு பழகுவதுதான் உட்காருவது, தலையணை அந்த வேலையைப் பறித்துக்கொள்கிறது.

சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கர், அதாவது பிள்ளையை நடுவில் தொங்கவிட்டு உட்கார வைக்கிற வகை, வேண்டவே வேண்டாம். அதில் பிள்ளை நுனிக்காலால் தள்ளிப் பழகும், எடையைத் தாங்கப் பழகாது. நடை சீக்கிரம் வராது, தள்ளித்தான் போகும். வாசப்படியிலும் திண்ணையிலும் தலைகுப்புற விழுவது தனி ஆபத்து. கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. மரத்தில் மூன்று சக்கரம் வைத்த நம் நடைவண்டி வேறு சங்கதி. அதில் பிள்ளை தானே நிற்க வேண்டும், தானே தள்ள வேண்டும். கட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர ஆரம்பித்த பிறகு கொடுத்தால் நல்ல துணை. டைல்ஸ் தரையில் வழுக்கி ஓடும், மண் தரையிலோ முற்றத்திலோ விடுங்கள். ஆள் கூடவே இருக்க வேண்டும். செருப்பு, சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால்தான் தரையைப் பிடிக்கும்.

18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை என்றால் யார் என்ன சொன்னாலும் காட்டிவிடுங்கள். உட்கார்ந்தபடியே நகர்ந்து பழகிய பிள்ளைகள் இயல்பாகவே தாமதமாக நடக்கும், அப்பாவோ தாய்மாமனோ அப்படித்தான் நகர்ந்திருப்பார். அதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளை 18 மாதத்தில் நடக்கவில்லை என்றால் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று அவசியம், தசை நோயை அது காட்டிக்கொடுக்கும். தூக்கிப் பிடித்தால் கால் இரண்டும் கத்தரி போலப் பின்னிக்கொள்வது, 4 மாதத்துக்கு மேலும் கையை இறுக மூடியே வைத்திருப்பது, இவை தசை இறுக்கத்தின் அடையாளம். இன்னொன்றைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள்: “எட்டு மாசத்துலயே வலது கைதான் நீட்டுறான்.” ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டுமே பயன்படுத்தினால் பார்க்க வேண்டியது மற்ற கையைத்தான். அதில் பலம் குறைவோ என்று சோதிக்க வேண்டும்.

தவழத் தொடங்கிய நாளே வீட்டை மாற்ற வேண்டிய நாள். ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் கொல்லைப்புறம் பல வீடுகளில் நேராகத் தண்ணீரில் முடியும். குளம், வாய்க்கால் மட்டுமல்ல, தவழ்கிற பிள்ளை மூழ்க 5 செ.மீ. தண்ணீர் போதும். குளியலறை வாளி, மாட்டுக்கு வைத்த தொட்டி, மூடாத அண்டா எல்லாமே கணக்கில் வரும். கொல்லைக் கதவுக்குப் பெரியவர்கள் இடுப்பு உயரத்துக்கு மேல் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். வயலுக்கு வாங்கிய மருந்தை வீட்டுக்குள்ளும் தண்ணீர் பாட்டிலிலும் வைக்காதீர்கள்.

கைக்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு, செலவு இல்லை. ஒரு தட்டில் நாலைந்து அரிசிப் பொரியைப் போட்டுப் பிள்ளை முன்னால் வையுங்கள். 6 மாதத்தில் கையை விரித்து அள்ளப் பார்க்கும், ஒன்றும் வராது. 7, 8 மாதத்தில் நாலு விரலையும் சேர்த்து உள்ளங்கைக்கு இழுக்கும். 9இலிருந்து 12 மாதத்துக்குள் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து ஒற்றைப் பொரியைக் கிள்ளி எடுக்கும். நெற்றிப் பொட்டை எடுக்கிற மாதிரி இருக்கும் அந்தப் பிடி. பொரி வாய்க்குள் போனாலும் எச்சிலில் கரைந்துவிடும், அதனால்தான் பொரி. உளுந்து, பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை எதையும் இதற்கு எடுக்காதீர்கள். சம்பா அறுத்த வயலில் உளுந்து எடுக்கிற மாதங்களில் வீடெல்லாம் உளுந்து சிதறிக் கிடக்கும். மூக்கில் போட்டுக்கொள்ளும், மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. முழுக்கடலை வகைகள் 4 வயது வரை கூடாது.

இப்போது “சமத்துப் பிள்ளை” பற்றி. பசித்தால்கூட அழாது, போட்டது போட்டபடி கிடக்கும், எப்போதும் தூங்கும். அப்பாயி மெச்சிக்கொள்வார். அதோடு மலச்சிக்கல், கரகரத்த அழுகை, பிறந்து மூன்று வாரம் தாண்டியும் போகாத மஞ்சள், தொப்புள் துருத்தல், வெளியே நீட்டிய நாக்கு இருந்தால் தைராய்டு குறைவாக இருக்கலாம். பிறந்து 2 நாள் கழிந்து 5 நாளுக்குள் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு பரிசோதனையைச் செய்துவிடலாம். 2 வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் அறிவு வளர்ச்சி பாதிக்காமல் காப்பாற்றலாம். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் இழந்ததை முழுவதும் மீட்க முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் டி.எஸ்.ஹெச். முடிவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்து சங்கில் கொடுக்கலாம், இரும்பு, கால்சியம் சொட்டு மருந்தோடு சேர்த்து மட்டும் கொடுக்கக் கூடாது, உடம்பில் சேராது.

அதைவிட அவசரமானது ஒன்று. 3 மாதத்திலிருந்து 8 மாதத்துக்குள், பெரும்பாலும் தூங்கி எழுந்த உடனே, பிள்ளை திடீரென்று முன்னால் மடங்கும், கை இரண்டும் விரியும், தலை தொங்கும். ஒரு விநாடி, இரண்டு விநாடி. விட்டு மறுபடி, வரிசையாகப் பத்து, இருபது தடவை. வீட்டில் “திடுக்கிடுது”, “வயித்து வலி”, “உரம் விழுந்திருக்கு” என்பார்கள். புடவையில் போட்டு உருட்டி உரம் எடுப்பார்கள். இது ஒரு வகை வலிப்பு. கழுத்து நில்லாத பிள்ளையை உருட்டிக் குலுக்குவது மூளைக்கே கெடுதல். வலிப்போடு கழியும் ஒவ்வொரு வாரமும், சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சிரிப்பை விடும், முகம் பார்ப்பதை விடும். செய்ய வேண்டியது: செல்போனில் அந்த வரிசையை முழுவதும் வீடியோ எடுங்கள், முகமும் இரண்டு கையும் தெரிகிற மாதிரி. அன்றே குழந்தை நல டாக்டரிடம் காட்டுங்கள். அவர் இ.இ.ஜி. எனும் மூளை மின் அலைப் பரிசோதனைக்கு அனுப்புவார். “வலிப்பு மாதிரி இல்லையே” என்று யாராவது சொன்னாலும் வீடியோவைக் காட்டி இன்னொருவரைக் கேளுங்கள்.

வந்த திறன் போவது எந்த வயதிலும் இயல்பல்ல. 7, 8 மாதத்தில் உட்கார்ந்த பிள்ளை சோர்ந்து, சிரிக்காமல், முடி வெளுத்து, விரல் மூட்டுகள் கறுத்து, பிறகு கை நடுங்க ஆரம்பித்தால் பி12 குறைவைப் பாருங்கள். சுத்த சைவமாகச் சாப்பிட்டு, பாலும் அதிகம் எடுக்காத அம்மாவின் பாலை மட்டுமே ஒரு வயதைத் தாண்டியும் குடிக்கிற பிள்ளைக்கு இது வரும். ஊசி போட்டால் நன்றாகத் தேறும். 6 மாதம் முடிந்ததும் இணை உணவு தொடங்குவதும், சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்புச் சத்து சிரப்பை வாரம் 2 தடவை 1 மி.லி. கொடுப்பதும் வளர்ச்சிக்கான வேலைதான். இரும்பு குறைந்தால் பிள்ளை மந்தமாகும், கவனம் நிற்காது.

இனி காது. சொந்தத்தில் பெண் எடுக்கிற வழக்கம் உள்ள பகுதியில், மாமன் மகள், அக்கா மகள் கல்யாணம் நடந்த குடும்பத்தில், பிறவிக் காது கேளாமைக்கு வாய்ப்பு கூடுதல். இதைச் சொல்வது யாரையும் குறை சொல்ல இல்லை, சோதனையை விட்டுவிடாமல் இருக்கத்தான். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் காதுக் கருவி என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் கெடு. முதல் சோதனை ஓ.ஏ.ஈ. எனப்படும், காதில் சின்னக் குமிழ் வைத்து ஓரிரு நிமிடத்தில் முடியும். பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் நீரும், பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவும் இருந்தால் தேறாமல் போகலாம். அதனால் பதற வேண்டாம், மறுபடி எடுக்கச் சொன்ன தேதியில் கட்டாயம் போங்கள். பலர் போகாமல் விடுவது அந்த இரண்டாம் தேதியைத்தான். மஞ்சள் காமாலை ஏறி ரத்தம் மாற்றிய பிள்ளை, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் இருந்த பிள்ளை, இவர்களுக்கு ஓ.ஏ.ஈ. தேறினாலும் போதாது. காது வேலை செய்து, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வேலை செய்யாமல் இருக்கலாம். பெரா சோதனைதான் அதைக் காட்டும்.

பெராவுக்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் வரும் வழியெல்லாம் நன்றாகத் தூங்கிவிட்டு, சோதனை அறைக்குள் நுழைந்ததும் கண்ணை விழித்துக்கொள்ளும், அன்றைய பயணம் வீண். காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் விளையாட்டுக் காட்டித் தூங்கவிடாதீர்கள், பாலை அங்கே போய்க் கொடுங்கள். முதல் நாளே தலைக்கு ஊற்றி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். நெற்றியிலும் காதின் பின்புறமும் ஒட்டும் கம்பி எண்ணெய்த் தோலில் நிற்காது. காதுக்குள் எண்ணெய் விடும் பழக்கமும் வேண்டாம்.

வீட்டில் பார்ப்பதில் ஏமாறும் இடங்கள் பல. தட்டைத் தரையில் போட்டால் திரும்பியது என்பார்கள். பிள்ளை உணர்ந்தது தரை அதிர்வை. பின்னால் நின்று கை தட்டினால் காற்று படும், நிழல் விழும். தீபாவளி வெடிக்கு அழுதான் என்பார்கள், வெடி கேட்கும் காதுக்குப் பேச்சு கேட்காமல் போகலாம். “ங்கா”, “அக்கூ” என்று சத்தம் கொடுக்கிறதே என்பார்கள். காது கேளாத பிள்ளையும் முதல் ஆறு மாதம் அப்படிச் சத்தம் கொடுக்கும், அதன் பிறகு அது குறைந்துகொண்டே போகும். அந்தக் குறைவுதான் அறிகுறி. 7 மாதத்துக்கு மேல் இப்படிச் செய்து பாருங்கள்: ஃபேனை நிறுத்துங்கள். அம்மா மடியில் பிள்ளை முன்பக்கம் பார்த்து உட்காரட்டும், முன்னால் ஒருவர் பொம்மையைக் காட்டிவிட்டு மறைக்கட்டும். பிள்ளைக்குப் பின்னால் ஒரு பக்கமாக, மூன்றடி தள்ளி, காது மட்டத்தில் குனிந்து “ஸ்ஸ்ஸ்” என்று மெல்லிய சத்தம், பிறகு தணிந்த குரலில் பெயர். ஒவ்வொரு பக்கமும் 3 தடவை. இரண்டு தடவையாவது திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பரிசோதனைக்குப் போங்கள். திரும்பி, ஆனாலும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், அப்போதும் போங்கள். அம்மாவின் சந்தேகத்தை நான் எந்த வீட்டுச் சோதனைக்கும் மேலாக வைப்பேன்.

காது சரியாக இருந்தால் அடுத்தது விரல். 9 மாதத்தில் பெயர் சொன்னால் திரும்பும், டாட்டா காட்டும். 12இலிருந்து 15 மாதத்துக்குள் வேண்டியதை விரல் நீட்டிக் கேட்கும். 18 மாதத்துக்குள் ஒன்றும் வேண்டாமலேயே, பார்த்த சந்தோஷத்தைப் பங்கு போட மட்டும் விரல் நீட்டும். இரண்டும் வேறு வேறு. அலமாரியில் இருக்கும் பிஸ்கட்டைக் காட்டுவது கேட்பது. கூரையில் ஓடும் பல்லியைக் காட்டி, உடனே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்து, “நீயும் பார்த்தியா” என்று கண்ணால் கேட்பது காட்டுவது. அந்தத் திரும்பிப் பார்க்கும் அரை விநாடியைக் கவனியுங்கள். வளர்ச்சியில் அதைவிடப் பெரிய செய்தி அந்த வயதில் இல்லை. விரலுக்குப் பதிலாக உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், முகத்தைப் பார்க்காமலேயே, உங்கள் கையை அலமாரி மேல் வைத்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் சொன்னால் திரும்பாமல், விளம்பரப் பாட்டுக்கு மட்டும் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். 16இலிருந்து 30 மாதத்துக்குள் ஆட்டிசத்துக்கான 20 கேள்வி கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, குழந்தை நல டாக்டரிடம் கேட்டால் போட்டுப் பார்ப்பார்.

சொற்களை எண்ணும்போது நேர்மையாக எண்ணுங்கள். 7 மாதத்தில் அழும்போது வரும் “ம்மா” சொல் அல்ல. அம்மாவைப் பார்த்து, அம்மாவுக்காக மட்டும் வந்தால்தான் சொல். மாட்டைக் கண்டால் எப்போதும் “ம்பா”, சோற்றுக்கு “மம்மு”, பாலுக்கு “பாச்சி” என்றால் மூன்றும் சொல்தான். 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 2 வயதில் “அம்மா வா”, “பால் குடு” மாதிரி இரண்டைச் சேர்த்துத் தானாகச் சொல்லவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது கணக்கில் வராது. 3 வயதில் “பழம்” “பயம்” ஆவது பற்றிக் கவலை வேண்டாம், ழகரம் வரக் காலம் ஆகும். வெளியாள் ஒருவருக்கு முக்கால் பாகம் புரிந்தால் சரி.

“அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசுனாரு.” இந்த ஒரு வாக்கியம் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்ட மாதங்களை நினைத்தால் மனசு வலிக்கிறது. அப்பா தாமதமாகப் பேசியது உண்மையாகவே இருக்கட்டும். அவர் ஒன்றரை வயதில் விரல் நீட்டினாரா, சொன்னது புரிந்துகொண்டாரா என்று பாட்டியைக் கேளுங்கள். புரிந்துகொண்டு, சுட்டிக் காட்டி, சொல் மட்டும் தாமதமாகும் பிள்ளைக்கும், இது எதுவும் இல்லாத பிள்ளைக்கும் நிறைய தூரம். ஆண் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்பதில் உண்மை ஓரிரு மாத அளவுதான்.

நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. அளவு மீறினால் வாந்தியும் வலிப்பும் வரும். தேனும் ஒரு வயது வரை கூடாது. அடிநாக்குச் சவ்வு ஒட்டியிருந்தால் பால் உறிஞ்சத் தடையாகலாம், சில எழுத்து குழறலாம். பேச்சே வராததற்கு அது காரணம் அல்ல, அறுத்தால் பேச்சு வந்துவிடும் என்று நம்பி காதுச் சோதனையை விட்டுவிடாதீர்கள். செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டுவதை 2 வயது வரை அறவே விடுங்கள், அதற்கு மேல் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். அப்பா வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பேசுவது இந்தக் கணக்கில் வராது. அங்கே எதிரில் ஆள் இருக்கிறார், பதில் சொல்கிறார். சோறு ஊட்டும் நேரம்தான் பேச்சு வளர நல்ல நேரம். இடுப்பில் வைத்து வாசலுக்குப் போய் “காக்கா”, “காக்கா பறக்குது”, “காக்கா எங்க?” என்று கேட்டுவிட்டு, 5 விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்த 5 விநாடியைத்தான் நாம் விடுவதில்லை. பிள்ளை சத்தமோ பார்வையோ விரலோ எதைப் பதிலாகத் தந்தாலும் அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு அடுத்ததைச் சொல்லுங்கள்.

சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்காவுக்குப் பேச்சு வராத பிள்ளைகளைக் கூட்டிப்போய் வேண்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். சம்பந்தருக்குப் பொற்றாளம் கிடைத்த தலம், தாளத்துக்கு ஓசை கொடுத்த அம்மன் ஓசைநாயகி. தாராளமாகப் போய் வாருங்கள். வேண்டுதல் முடித்த அதே வாரத்தில் பெராவுக்கும் போய் வாருங்கள். காதுக் கருவி போதாத சிறு பிள்ளைகளுக்கு உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அதன் பலன் வயதோடு குறையும். ஒன்றரை வயதில் பொருத்திய பிள்ளைக்கும் ஐந்து வயதில் பொருத்திய பிள்ளைக்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

எங்கே போவது என்றால், முதல் ஆள் உங்கள் கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும்தான். பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. 2013இல் தொடங்கியது. அதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் 2 தடவை வரும். அன்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். டாக்டர், பிசியோதெரபிஸ்ட், காது-பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதற்கான இடம் அது, கட்டணம் இல்லை. குழு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நேரே போகலாம்.

போகும்போது தாய் சேய் நல அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய பரிசோதனைத் தாள், ஆதார், காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்ததும் அழுததா, எது எந்த மாதத்தில் வந்தது, எது இருந்து போனது. வீட்டில் விளையாடும்போது எடுத்த 2 நிமிட வீடியோ 2, 3 இருக்கட்டும். புது இடத்தில் மிரண்டு அழும் பிள்ளை அங்கே எதையும் செய்து காட்டாது. நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அம்மாச்சி என்றால் அவரையும் கூட்டிப்போங்கள். பயிற்சி சொல்லித்தருவது வாரத்தில் ஒரு மணி, செய்ய வேண்டியது தினமும் வீட்டில், பத்துப் பத்து நிமிடமாக நாலைந்து தடவை. கற்றுக்கொள்ள வேண்டிய ஆள் அவர்தான். அடுத்த தேதியை அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். அது நடவிலோ அறுப்பிலோ விழுகிறது என்றால் அங்கேயே சொல்லி முன்னே பின்னே மாற்றிக்கொள்ளுங்கள்.